‘நாங்கள்’ என்பதிலிருந்து ‘நாம்’ வரை: மனநோய்க்கு ஆளானோரும் அவர்களுக்காகப் பேசியோரும்

தெற்குத் தில்லியின் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வருவது பெரும்பாலும் சமையலறையின் தேவையால்தான். முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வாழைப்பூ, கடல்மீன் என வட இந்தியச் சந்தைகளில் எளிதில் கிடைக்காதவை அங்கே கிடைக்கும். கித்வாய் நகர், லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர் ஆகிய அரசு ஊழியர் குடியிருப்புகள் சூழ்ந்த இடம் என்பதால், தென்னிந்திய வாடிக்கையாளர்களோடு பழகிப் பழகிக் காய்களின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லக்கூடிய கடைக்காரர்கள் அங்குண்டு. அந்தச் சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எய்ம்ஸ், சப்தர்ஜங் என இரு பெரும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்புற நடைபாதைகளில் தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் போர்வையும் பாத்திரமுமாகத் தங்கியிருப்பதைத் தில்லிவாசிகள் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறார்கள்.

இந்திய மருத்துவமனைக்கு நோயாளி தனியாக வருவது அரிது. அவரோடு தாயோ மனைவியோ அண்ணனோ வருகிறார்கள். எலும்பு முறிவுக்கும் இதய நோய்க்கும் இவ்வாறு உடன்வருதல் துணையாக மட்டுமே இருக்கிறது. மனநோயில் அது துணையாகவும் இருக்கிறது, சிக்கலாகவும் ஆகிறது. மருத்துவரின் மேசைக்கு முன் அமர்ந்து ‘இவனுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை, நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்’ என்று தாய் சொல்லும்போது, அருகில் அமர்ந்திருக்கும் மகன் அந்த வாக்கியத்தில் படர்க்கையாகிவிடுகிறான். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள்ளும் அவன் இல்லை.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு நுண்மையான கருவியைத் தருகிறது. ஆங்கிலத்தின் ‘வி’ என்பதற்கும் இந்தியின் ‘ஹம்’ என்பதற்கும் இல்லாத வேறுபாடு தமிழின் தன்மைப் பன்மையில் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. மனநோய்க்கு ஆளானோர் ஒருவருக்கொருவர் துணைநின்ற வரலாற்றையும், தம் உரிமைக்காகக் குரலெழுப்பிய வரலாற்றையும் இந்த வேறுபாட்டின் வழியே வாசித்தால் அதன் படிநிலைகள் தெளிவாகின்றன. முதலில் அவர்கள் படர்க்கையாக மட்டுமே இருந்தனர். பிறகு அவர்கள் சார்பில் குடும்பங்களின் ‘நாங்கள்’ ஒலித்தது. அவர்களே பேசும் தன்மையிடம் மிகப் பிந்தியே வந்தது.

முதற்கட்டத்தைக் குடியேற்றக்காலச் சட்டங்களில் காணலாம். சென்னையில் 1794இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டங்களும், அவற்றின் பின்வந்த 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டமும் அனுமதிக்கும் முறையை வகுத்தன. உறவினர் மனுச் செய்வார், மருத்துவர் சான்றளிப்பார், நடுவர் ஆணையிடுவார். மூவரின் வினைக்கும் செயப்படுபொருளாக நின்றவருக்குச் சட்டம் வைத்த பெயர் ‘லூனாட்டிக்’. நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. சட்டப் புத்தகத்துக்கு வெளியே, ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே சென்னைப் பேச்சுவழக்கில் ஏளனச் சொல்லாயிற்று. நாடு பிரிந்தபின் 1950இல் லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரசுக்கு மாற்றப்பட்டார்கள். இருநாட்டு அரசுகளும் பேசி முடித்த ஏற்பாடு அது. மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதைக்கு இத்தகைய பரிமாற்றமே பின்னணி.

அதே அமிர்தசரசில்தான் அடுத்த கட்டமும் தொடங்கியது. 1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது, ஏறத்தாழ 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநோய்க்கான படுக்கைகள் சுமார் 10,000 மட்டுமே இருந்தன. நெரிசல் மிக்க அத்தகைய மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளராக இருந்த வித்யாசாகர், 1950களில் வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரங்களை அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தினரையும் தங்கச் செய்தார். நோய் பற்றிய விளக்கங்களும் கூட்டு உரையாடல்களும் நடந்தன. அடுத்த கூடாரத்தில் இன்னொரு தாய் இதே துயரோடு இருக்கிறாள் என்பதை ஒரு தாய் கண்ணால் கண்டது, மருந்து தராத ஓர் ஆறுதலைத் தந்திருக்க வேண்டும். உடனிருந்து பார்த்த குடும்பம் நோயாளியை மருத்துவமனையிலேயே கைவிட்டுச் செல்லும் வாய்ப்பும் குறைந்தது. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை பாகாயத்தில் தொடங்கிய கனடிய மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸும் குடும்பத்தினர் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டார். மேலைநாட்டு மனநல மருத்துவம் குடும்பத்தைப் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலம் அது.

கூடாரத்தில் தற்செயலாக நிகழ்ந்த சந்திப்பு, பின்னர் அமைப்பாக வளர்ந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப்பின் 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தை உருவாக்கினார். 1980களின் இறுதியில் அதே நகரில் குடும்பத்தினரின் தன்னுதவி அமைப்பாக ‘ஆஷா’ தோன்றியது. இத்தகைய அமைப்புகளின் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்று உண்டு: ‘எங்களுக்குப் பிறகு இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ முதுமையில் இருக்கும் பெற்றோரின் நியாயமான அச்சம் அது. இடைநிலை இல்லங்கள், வேலைப்பயிற்சி, உதவித்தொகை ஆகிய கோரிக்கைகள் எல்லாம் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவையே. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தபோது அக்கோரிக்கைகளுக்குச் சட்டத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. ஆயினும் மேற்கண்ட கேள்வியின் இலக்கணம் கவனத்துக்குரியது. ‘எங்களுக்கு’ என்பதும் ‘இவர்களை’ என்பதும் அதில் எதிரெதிரே நிற்கின்றன.

அந்த இடைவெளியின் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தமிழகம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க இயலவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இறந்தவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்களுடைய குடும்பத்தினரே. இதைக் கொண்டு குடும்பங்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எளிது; ஆனால் அது அநீதி. தேசிய மனநலத் திட்டம் 1982இலேயே அறிவிக்கப்பட்டாலும், மாவட்ட அளவிலான திட்டம் தொடங்கியது 1996இல்தான். 2001இல் பெரும்பாலான மாவட்டங்களில் மனநல மருத்துவம் எட்டும் தொலைவில் இல்லை. தர்காவின் மீது கொண்ட நம்பிக்கையும் வேறு வழியற்ற களைப்பும் சேர்ந்தே அவர்களை அங்கே அழைத்து வந்தன. எனினும், எங்கே தங்குவது, எதை ஏற்பது என்று அந்த 28 பேரிடம் யாரும் கேட்டதில்லை என்ற உண்மை எஞ்சுகிறது.

நோயுற்றவரிடமே கேட்பது என்ற மரபு உலகில் வேறிடங்களில் முன்னரே தோன்றியிருந்தது. பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றுப் பின் அங்கேயே பணியாளரான ழான் பத்தீஸ்த் புய்சேன், குணமடைந்த மனநோயாளிகளைப் பணியில் அமர்த்தினார். 1797இல் அங்கிருந்தோரின் இரும்புச் சங்கிலிகளை நீக்கியவரும் அவரே. ஏர்வாடித் தீ அதற்கு 204 ஆண்டுகள் பிந்தியது. இங்கிலாந்தில், கொலையுண்ட பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல், தாம் காப்பகங்களில் அடைபட்ட அனுபவத்தை நூலாக எழுதினார். 1845இல் அத்தகையோருக்கான சங்கம் ஒன்று அமைந்தபோது அதன் முன்னணியில் நின்றார். அமெரிக்காவில் கிளிஃபர்ட் பியர்ஸ் 1908இலும், ஜூடி சேம்பர்லின் 1978இலும் தம் அனுபவங்களின் அடிப்படையில் எழுதிய நூல்கள் இயக்கங்களுக்கு வித்திட்டன. இவர்கள் அனைவரும் செய்தது ஒன்றே: தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய படர்க்கைக் குறிப்பைத் தன்மையில் திருப்பி எழுதினார்கள்.

இந்தியாவில் இக்குரலுக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் பார்கவி தவர். காப்பகங்களில் அடைபட்டு வாழ நேர்ந்த தம் தாயின் நினைவாக 1999இல் புணேயில் ‘பாபு அறக்கட்டளை’யை நிறுவினார். நகரின் ஏழ்மைக் குடியிருப்புகளில், அண்டைவீட்டாரையும் உள்ளூர்ப் பெண்களையும் துணையாகக் கொண்ட மனநலப் பணியை அது வளர்த்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றபின், அதன் 12ஆம் உறுப்பு கூறும் சட்டத் தகுதி மனநோய் உள்ளவருக்கும் முழுமையாக உண்டு என்று அவரும் அவரைப் போன்றோரும் வாதிட்டனர். பராமரிப்போர் தரப்பிலும் மருத்துவர் தரப்பிலும் தயக்கம் இருந்தது. நோயின் உச்சத்தில் சிகிச்சையை மறுப்பவரை என்ன செய்வது என்பது அவர்களின் கேள்வி. இரு தரப்பும் வாழ்ந்து பட்ட துயரிலிருந்தே பேசின. எனவே இவ்விவாதத்தில் எளிய வெற்றியாளர் எவருமில்லை.

2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இந்த இழுபறியின் தடத்தைத் தன் சொற்களில் தாங்கி நிற்கிறது. சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. தம் சார்பில் பேசுபவரைத் தாமே நியமிக்க 14ஆம் பிரிவு வழிசெய்கிறது. 1912இல் ‘லூனாட்டிக்’, 1987இல் ‘மனநோயாளியான நபர்’ என்றிருந்த பெயர், ‘மனநோய் உள்ள நபர்’ என்று மாறியது. ஆனால் மறுஆய்வு வாரியத்தின் அமைப்பைச் சொல்லும் பகுதியில் ஓர் இடைச்சொல் கவனிக்கத்தக்கது. வாரியத்தில் இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்களுக்கு ‘அல்லது’ பராமரிப்போருக்கு ‘அல்லது’ அவர்களின் அமைப்புகளைச் சார்ந்தோருக்கு ‘அல்லது’ அரசுசாரா அமைப்பினருக்கு என ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த ‘அல்லது’ இருக்கும்வரை, நோயை அனுபவித்த ஒருவர்கூட இல்லாமலும் ஒரு வாரியம் சட்டப்படி முழுமை பெற்றுவிடும். ‘நாங்கள்’ இருந்தால் போதும், ‘நான்’ கட்டாயமில்லை என்பதே அதன் பொருள்.

சட்டம் விட்ட இடைவெளியை நடைமுறைகள் சில நிரப்ப முயன்றுள்ளன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ‘குவாலிட்டி ரைட்ஸ்’ திட்டம் 2014 முதல் குஜராத்தின் அரசு மனநல நிலையங்களில் செயல்படுத்தப்பட்டபோது, மனநோயை அனுபவித்தவர்களே பயிற்சி பெற்றுப் பிறருக்குத் துணைநின்றார்கள். சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் தொடங்கிய ‘தி பேனியன்’, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தின்வழி, நெடுங்காலம் நிறுவனங்களில் வாழ்ந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் நான்கைந்து பேராகக் குடியமர்த்துகிறது. என்ன சமைப்பது, யார் கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். வெளியிலிருப்போருக்கு அற்பமாகத் தோன்றும் இத்தகைய முடிவுகள்தாம் காப்பக வாழ்வில் முதலில் பறிபோகின்றன.

‘பியர் சப்போர்ட்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ஆனால் அதன் அடிப்படையைச் சொல்லும் சொல் பழகியதே: பட்டறிவு. பட்டு அறிந்தவர், பட்டுக்கொண்டிருப்பவருக்குத் துணைநிற்பது அது. மருத்துவத்துக்கு அது மாற்று அன்று. மருத்துவரின் பற்றாக்குறையை மறைக்கும் கூலியில்லா உழைப்பாகவும் அது ஆகிவிடக்கூடாது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநோய்களில் சிகிச்சை எட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதைக் காட்டியது. இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தன்னார்வலரைக் கொண்டு தூர்க்க முடியாது. ஆனால் மருத்துவர் கிடைத்தபின்பும் எஞ்சும் தனிமைக்கு, பட்டறிந்தவரின் சொல்லே மருந்தாகிறது.

அச்சொல் எம்மொழியில் சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம். ‘மனசு ஒரு நிலையில் இல்லை’, ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது’ என்று தமிழில் உணரப்படும் ஒன்றை, தில்லியில் ஒருவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மொழிகள் வராத நோயாளிக்காக உறவினர் பெயர்த்துச் சொல்கிறார். அக்கணத்தில் நோயாளி மீண்டும் படர்க்கைக்குத் தள்ளப்படுகிறார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் காய்கறிக் கடைக்காரர் வாடிக்கையாளரின் மொழியில் நாலு சொல்லைக் கற்றுக்கொண்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, வாங்க வந்தவர் வாய்திறந்து கேட்டார், அவர் செவிகொடுத்தார். அமிர்தசரசின் கூடாரங்களிலிருந்து நடைபாதைப் போர்வைகள் வரை, குடும்பங்கள் தம் பங்கை ஆற்றியே வந்திருக்கின்றன. இனி மருத்துவரின் மேசையிலும் வாரியத்தின் இருக்கையிலும் அந்தச் செவிகொடுத்தல் நிகழவேண்டும். அப்போதுதான் குடும்பத்தின் ‘நாங்கள்’ அருகில் அமர்ந்திருப்பவரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்று விரியும்.