இரண்டு நிமிட இருளுக்கு இருபத்திரண்டு வருடம்

1896 ஆகஸ்ட் 9. நோர்வேயின் வடகிழக்கு ஓரத்தில் வாட்சோ என்ற சின்னத் துறைமுக ஊர். முழுச் சூரிய கிரகணம் பார்க்க வானியலாளர்களும் பயணிகளும் கப்பலேறி வந்து குவிந்திருந்தார்கள். தொலைநோக்கி, கேமரா, நிறமாலைக் கருவி எல்லாம் தயார். சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. சூரியனில் ஹீலியத்தை இனம்கண்டவர்களில் ஒருவரான நார்மன் லாக்கியரின் குழுவும் அந்தக் கடற்கரையில்தான் காத்திருந்தது. அவர்களுக்கும் ஏமாற்றம்.

அதே நாள், கிழக்கே நோவயா செம்லியா தீவில் வானம் திறந்திருந்தது. ஜார்ஜ் பேடன்-பவலின் 'ஒட்டாரியா' என்ற சொந்த உல்லாசக் கப்பலில் ஒரு சிறு குழு அங்கே போயிருந்தது. அதில் வில்லியம் ஷாக்கிள்டன் என்பவர் இருந்தார் (தென்துருவப் புகழ் ஷாக்கிள்டன் இல்லை, இவர் வேறு). சூரியன் முழுதாக மறையும் கணத்தில், வழக்கமாகக் கறுப்பாகத் தெரியும் நிறமாலைக் கோடுகள் ஓரிரு நொடி பிரகாசமாக மின்னி மறையும். 1870இல் சார்ல்ஸ் யங் அதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். படமாக முதலில் பிடித்தவர் ஷாக்கிள்டன்.

இதைப் படிச்சப்போ எனக்கு முதலில் தோன்றியது, 'என்ன அதிர்ஷ்டம்டா!' என்பதுதான். பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பல மாத உழைப்பு, ஒரு மேகத்தின் தயவில் தொங்குகிறது. கிரகணத்தைத் தேடிப் போய் அளப்பது ஒரு வழி. ஒரே இடத்தில் உட்கார்ந்து அளந்துகொண்டே இருந்து, கிரகணம் நம் தலைக்கு மேல் வரும்போது அதையும் சேர்த்து அளப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழிக்கு 119 வருடம் கழித்து ஓர் உதாரணம் கிடைத்தது. அதுவும் ஆர்க்டிக்கில்தான்.

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், ஏறத்தாழ 79 பாகை வடக்கில் இருக்கும் ஊர் நி-ஓலசுண்ட். 1926இல் அமுண்ட்சன், நொபிலே குழுவினர் 'நோர்கே' வான்கப்பலில் வடதுருவத்தின் மேல் பறக்கப் புறப்பட்டது இங்கிருந்துதான். ஆனால் ஊர் பிறந்தது நிலக்கரிக்காக. 1962 நவம்பர் 5ஆம் தேதி சுரங்க வெடிப்பில் 21 தொழிலாளர்கள் செத்தார்கள். பாதுகாப்பு பற்றிய கேள்விகள் நாடாளுமன்றம் வரை போய், 1963இல் நோர்வே அரசாங்கமே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடினார்கள். ஆட்கள் போன ஊருக்குப் பின்னாளில் ஆய்வாளர்கள் வந்தார்கள். இன்று பல நாடுகளின் நிலையங்கள் அங்கே இருக்கின்றன. இந்தியாவின் 'ஹிமாத்ரி' 2008இல் வந்து சேர்ந்தது. அங்கே வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்து வைக்க வேண்டும். ரேடியோ தொலைநோக்கிக்கு அமைதி தேவை.

அந்த ஊரில் 1992 முதல், உலகளாவிய கதிர்வீச்சு அளவீட்டு வலையமைப்பு ஒன்றின் கருவிகள் வேலை செய்கின்றன. மேலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது, பனி எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது, தரை எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும். சூரியனே எழாத நான்கு மாத துருவ இரவிலும் நிற்காது. கிரகணத்துக்காக வைத்த கருவிகள் இல்லை இவை. பருவநிலை மாற்றத்தைக் கவனிக்க வைத்தவை.

2015 மார்ச் 20. பகலும் இரவும் சமமாகும் நாள். துருவ இரவு முடிந்து சூரியன் திரும்பி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தெற்கே ஃபாரோ தீவுகளில் பல இடங்களில் மேகம். ஸ்வால்பார்டில் தெளிந்த வானம், கடும் குளிர். காலை 11 மணிக்குச் சற்றுப் பிறகு, அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் நின்ற சூரியன் முழுதாக மறைந்தது. இரண்டு நிமிடம் சொச்சம். சூரிய ஒளிக்கான எண் பூச்சியத்துக்கு இறங்கியது. பனித்தரை குளிர்ந்தது. அந்த வலையமைப்பின் நிலையம் ஒன்று கிரகணத்தின் முழுமறைப்பின்போது தரைக் கதிர்வீச்சை அளந்தது அதுவே முதல்முறை.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பூச்சியம் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் இருபத்திரண்டு வருட எண்கள். சாதாரண மார்ச் காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே, அன்றைய காலை எவ்வளவு வித்தியாசமானது என்று சொல்ல முடியும்? பனிக்காற்றில் போய்க் கண்ணாடிக் குவிமாடங்களின் உறைபனியைத் துடைத்தவர்கள் பலர். அதில் பெரும்பாலோர் கிரகணத்தன்று அங்கே இருந்திருக்கவே மாட்டார்கள்.

நான் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் சென்சார்களைப் பார்த்துக்கொள்பவன். வாரா வாரம் கலங்கல்மானியின் கண்ணாடியைத் துடைத்து, அளவு சரிபார்த்து, எழுதி வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் சீனியரிடம், "அண்ணே, இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன். "ஒன்னும் நடக்காத வரைக்கும் யாரும் பார்க்க மாட்டாங்க தம்பி" என்றார். அன்று அது எனக்குச் சலிப்பான பதிலாகத்தான் பட்டது. நி-ஓலசுண்ட் பற்றிப் படித்த பிறகு, தேதியையும் நேரத்தையும் கொஞ்சம் கவனமாகவே எழுதுகிறேன்.