பொண்ணுக்கும் ஒரு பங்கு

முற்போக்கு ஜெயிக்குமா, பழமை ஜெயிக்குமான்னு யாராவது பேசினா, நான் பத்திர ஆபீஸ் பக்கம்தான் கையைக் காட்டுவேன்.

1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு நடந்தது. ஆம்பளைக்குச் சமமா பொம்பளைக்கும் சொத்துரிமை வேணும்னு அங்கே தீர்மானம் போட்டாங்க. அன்னிக்கு ஊர்நாட்டுல இதைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. அப்புறம் அம்பேத்கர் இந்து சட்ட மசோதாவுக்காகப் போராடினார். அது நிறைவேறாம இழுத்தடிச்சதை முக்கியக் காரணமாச் சொல்லி 1951ல மந்திரி பதவியையே விட்டார். 1956ல வாரிசுச் சட்டம் வந்தது. ஆனா பாட்டன் பூட்டன் சொத்துல பிறப்புரிமை பையனுக்கு மட்டும்தான். 1989ல கலைஞர் ஆட்சியில பொண்ணுக்கும் அந்த உரிமை கிடைச்சது. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்ல. 2005ல மத்திய அரசு நாடு முழுக்க சட்டம் போட்டப்பதான் அந்தத் தடை போச்சு.

தீர்மானத்துக்கும் 1989 சட்டத்துக்கும் நடுவுல 60 வருசம். இன்னிக்கு எவ்வளவு பழமை பேசறவரும் அந்தச் சட்டத்தை எடுத்துடுங்கன்னு மேடையில கேக்கறதில்ல. அந்த அளவுல புதுசு ஜெயிச்சாச்சு.

ஆனா எங்க பொம்மிடி பக்கம் நடக்கறது வேற. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, ஒரு கையெழுத்துப் போடும்மா"ன்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுவாங்க. அந்தப் பொண்ணுக்குச் சட்டம் தெரியாமல் இல்ல. நாளைக்குப் புள்ளைக்குக் காது குத்தணும், தாய்மாமன் மடியில உக்காத்தணும். பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போகும்னு பயம். அண்ணன் தம்பிக்கும் பயம் உண்டு. இருக்கறது ஒரு ஏக்கரா, ஒரு கிணறு. அதையும் கூறு போட்டா என்ன மிஞ்சும்?

சிலது பின்னாடியும் போயிருக்கு. முன்னெல்லாம் எங்க பக்கம் பல சாதியில மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் கொடுத்துப் பொண்ணெடுப்பாங்க. வரதட்சணை கூடாதுன்னு 1961லயே சட்டம் வந்தும், பரியம் போய் வரதட்சணை வந்து உக்காந்துக்கிச்சு. அதனால காலம் தானா நல்லதைக் கொண்டு வரும்னு நான் நம்பறதில்ல. யாராவது ஒருத்தர் வீட்டுல ஆரம்பிக்கணும்.

எனக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டே முக்கால் ஏக்கரா. ரெண்டு பேருக்கும் சரிபாதின்னு சொல்லிட்டேன். பையன் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசல. இப்ப, கிணத்துத் தண்ணிக்கு யாருக்கு எந்தெந்த நாள் முறைன்னு பத்திரத்துல எழுதறதைப் பத்தி ரெண்டு பேரும் போன்ல பேசிக்கறாங்க.