ஹார்ட்டன் பெயரில் இரண்டு தலைவலி



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அம்மாவுக்கு ஒரு பக்கத் தலைவலி. நெட்டில் தேடினால் ஹார்ட்டன் நோய் என்று வருகிறது. ஒரு இடத்தில் நரம்பு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ரத்தக்குழாய் என்கிறார்கள்." நான் வைத்தியன் இல்லை. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பேயார்ட் ஹார்ட்டன் அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர். நெற்றிப்பொட்டில் ஓடும் தமனி தடித்து வலித்த இரண்டு நோயாளிகளைப் பற்றி 1932இல் எழுதினார். தமனியில் ஒரு துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், குழாயின் சுவரிலேயே அழற்சி. 1939இல் அதே ஹார்ட்டன் வேறொரு தலைவலியை விவரித்தார். ஒரு கண்ணைச் சுற்றி உயிர் போகும் வலி. அந்தக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும். இன்று கிளஸ்டர் தலைவலி என்கிறோமே, அதுதான். இரண்டுக்குமே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்! இப்படி நான் கேள்வித்தாள் எடுத்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள்.

நரம்பு வலி மூன்றாவது. முகத்தில் மின்னல் வெட்டியது போல் சில விநாடிதான் இருக்கும். கிளஸ்டர் வலியோ கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். முக நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதை 1930களில் வால்டர் டாண்டி ஆபரேஷனின்போது கண்டார். 1960களில் பீட்டர் ஜனெட்டா மைக்ரோஸ்கோப் வைத்து அந்தக் குழாயை விலக்கிக் காட்டினார்.

மூன்றில் அவசரமானது தமனி நோய். ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும். 1890இலேயே லண்டனில் ஹட்சின்சன், தலைத் தமனிகள் வீங்கித் தொப்பி போட முடியாத ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணுக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பாது. அதே மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் குழுவினர் மூட்டுவலிக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 1950இல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த மருந்தைத் தமனி நோய்க்கும் கொடுக்கத் தொடங்கியதும் அங்கேதான். இன்றும் பலமான சந்தேகம் வந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கிவிடுகிறார்கள்.

அவனிடம் கேட்டேன்: "அம்மாவுக்கு வயசு என்னப்பா?"

"72 சார்."

"தலை சீவினால் வலிக்குதா? சாப்பிடும்போது தாடை?"

"ஆமா சார், மெல்ல முடியலைங்கிறாங்க. பல் வலின்னு நினைச்சோம்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். தமனி நோயேதான். மாத்திரை நடக்கிறது. நேற்று அந்த அம்மாவே போனில் பேசினார்கள். கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார்களாம்.