கெரட்டோசிஸ்

கிரேக்கத்தில் ‘கெராஸ்’ என்றால் கொம்பு. நகத்தையும் முடியையும் மேல்தோலையும் ஆக்கும் புரதம் கெரட்டின் எனப் பெயர் பெற்றதும் அதிலிருந்துதான். மேல்தோல் ஓரிடத்தில் மட்டும் கொம்புபோல் தடித்து எழும்புவது கெரட்டோசிஸ். ஊரில் இதையும் ‘மரு’ என்றே சொல்லிவிடுவார்கள். மரு வைரஸால் வருவது, தொற்றும், இது தொற்றாது.

நடுவயதுக்குப் பின் முகத்திலும் முதுகிலும் அதிகம் காண்பது செபோரிக் கெரட்டோசிஸ். பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஒட்டவைத்த மாதிரி மேலாக நிற்கும், தடவினால் சொரசொரக்கும். நம் நிறத்தவர் கன்னங்களில் பொடிப்பொடியாகப் பரவும் கறுப்புப் புள்ளிகளும் இதன் உறவுதான். புற்றுநோய் அல்ல, அப்படியே விட்டுவிடலாம்.

‘ஆக்டினிக்’ என்ற அடைமொழி சேர்ந்தால் நிலைமை வேறு. ‘ஆக்டிஸ்’ என்பது கதிர். வருடக்கணக்காக வெயில்பட்ட வெளிறிய தோலில் வரும் இந்தச் செதில் திட்டு, சிலருக்குப் புற்றாக மாறும். கட்டாயம் காட்ட வேண்டும்.

எந்த வகையானாலும் வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, திடீரெனப் பல முளைத்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ, மின்சூட்டால் கரித்தோ எடுப்பார். உறையவைத்தால் கறுத்த தோலில் வெள்ளைத் திட்டு விழலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது வேண்டவே வேண்டாம். தோல் வெந்து தழும்பாகும். அது என்ன கட்டி என்று சோதிக்கவும் வழியில்லாமல் போகும்.