வலையில் ஊர்ந்த புழு

கணிப்பொறிகளின் வரலாற்றைப் பேசுவோர் அவற்றின் விரைவையும் நினைவாற்றலையுமே பெரிதும் வியந்து பேசுவர். நான் இன்று சொல்லவிருப்பது, ஓர் இரவில் அவை திணறி நின்ற கதை. 1988ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அமெரிக்காவில் அது நிகழ்ந்தது.

அந்நாளில் இணையம் என்பது பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் அரசு நிலையங்களையும் பிணைத்த சிறியதொரு வலை. ஊரார் அனைவரும் உறவினராயின், கதவைத் தாழிடும் வழக்கம் இராது அல்லவா? அங்கும் அப்படித்தான். தனக்குப் பழக்கமான பொறியிலிருந்து வருபவரை, கடவுச்சொல் கேளாமலே உள்ளே விடும் பொறிகள் பல இருந்தன.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர் ஒரு நிரலை எழுதினார். நிரல் என்பது பொறிக்கு நாம் இடும் ஆணைகளின் தொகுதி. இந்நிரலோ பொறிக்குப் பொறி தானே ஊர்ந்து சென்று தன் படியை அங்கே வைக்கும். ஆதலின் அதனைப் புழு என்றனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பொறி ஒன்றின் வழியே அதனை அவர் வலையில் விட்டார்.

புழு நுழைந்த வழிகளை மாணவர்கள் அறிதல் நன்று. அஞ்சலைக் கொண்டு செல்லும் 'சென்ட்மெயில்' என்னும் நிரலில், பிழை தேடுவோர்க்கென வைத்த பக்கவாயில் திறந்தே கிடந்தது. 'ஃபிங்கர்' என்னும் பணிநிரல், தன்னிடம் வரும் கேள்வியை 512 எழுத்துகள் கொள்ளும் இடத்தில் வாங்கும். வருவதை அளந்து பார்ப்பதில்லை. புழு 536 எழுத்துகளை அனுப்பியது. மரக்காலில் கொள்ளாத நெல் தரையில் சிந்தும். இங்கே மிஞ்சிய எழுத்துகள் அடுத்த நினைவிடத்தில் விழுந்து, 'வாக்ஸ்' வகைப் பொறிகளைப் புழுவின் வசமாக்கின. உள்ளே புகுந்தபின் பயனாளர்களின் பெயர்களையும், 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் கடவுச்சொற்களாக முயன்று பார்த்தது. பல இடங்களில் அவை பலித்தன.

இம்மாணவரின் தந்தையாரும் ராபர்ட் மாரிஸ் என்றே பெயர் கொண்டவர். கணிப்பொறிப் பாதுகாப்பில் பேரறிஞர். 1979ஆம் ஆண்டிலேயே அவரும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை என எழுதி வெளியிட்டனர். ஆகவே, அறியாமையால் விளைந்த தீங்கு இது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒன்பது ஆண்டுகள் அவ்வுண்மை அச்சில் இருந்தது.

புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஒரு பொறியில் வேறொரு படி முன்பே இருப்பின், இரண்டில் ஒன்று விலகிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் எவரேனும் பொய்விடை தந்து அதனைத் துரத்துவரோ என்று அஞ்சி, ஏழில் ஒரு முறை விடை எதுவாயினும் விலகாதிருக்கும்படி மாரிஸ் செய்துவிட்டார். அந்த ஏழில் ஒன்றே மிகையாயிற்று! படிகள் பெருகிப் பெருகிப் பொறிகள் நின்றுபோயின. 6,000 பொறிகள் கெட்டன என நூல்கள் எழுதும். ஏறத்தாழ 60,000 பொறிகளில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று ஒருவர் கூறிய ஊகமே அது. மாரிஸின் நண்பர் ஒருவர், புழுவைத் தடுக்கும் முறையைப் பெயரிடாத மடலாக வலையில் அனுப்பினார். வலையே அடைபட்டுக் கிடந்தமையால் அது உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. பர்க்லியிலும் பிற இடங்களிலும் அறிஞர்கள் உறக்கமின்றிப் புழுவைப் பிரித்துப் படித்துத் திருத்தங்களை வெளியிட்டனர்.

இத்தகைய இடர்களில் உதவுவதற்கென்றே ஒரு குழு அவ்வாண்டிலேயே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. 1990இல் நீதிமன்றம் மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பின்னாளில் அவர் மாசசூசெட்ஸ் கழகத்திலேயே பேராசிரியரானார்.

வருவதை அளவாமல் வாங்கிய குற்றம், 'சி' மொழியிலுள்ள 'கெட்ஸ்' என்னும் சிறு ஆணையினுடையது. அம்மொழியின் தரவரையறையிலிருந்து அந்த ஆணை நீக்கப்பெற்றது 2011ஆம் ஆண்டில்.