கல்முனைக் கரையோரத்தில் கற்றல் இடர்ப்பாடு: பாடசாலைப் பரவலும் பிந்தி வந்த அடையாளமும்

முன்னுரை

பார்வையும் கேட்டலும் சீராக இருக்கும், விவேகத்திலும் குறைவிருக்காது. ஆனால் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் பிள்ளை விடாமல் தடுமாறும். இத்தகைய பிள்ளைக்கு இலங்கையின் விசேட கல்வி வரலாற்றில் மிகப் பிந்தியே இடம் கிடைத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத் தமிழ்மொழி முஸ்லிம் ஊர்களை முன்வைத்து அந்தத் தாமதத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடசாலை பரவியதும் பரீட்சை முக்கியத்துவம் பெற்றதுமே இந்த இடர்ப்பாட்டை வெளிக்கொணர்ந்தன. அதை இனங்காணும் முறையும் சட்டமும் அந்த வேகத்துக்கு வளரவில்லை என்பதே இதன் வாதம்.

1. ஓதப்பள்ளியும் பாடசாலையும்

இக்கரையோரத்தில் எழுத்தறிவின் முதற்களம், குர்ஆன் ஓதக் கற்பிக்கும் ஓதப்பள்ளி. அங்கே பிள்ளைகள் ஒரே பாயில் இருந்தாலும் ஒரே பாடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தை ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் தனித்தனியே ஒப்புவிப்பார்கள். தேறியவருக்கு அடுத்த பாடம், தேறாதவருக்கு மீண்டும் அதே பாடம். பிரம்புக்கும் அங்கே குறைவில்லை. என்றாலும் வகுப்பேற்றம், வயதெல்லை, புள்ளி வரிசை எதுவும் இல்லாததால் மெதுவாகக் கற்கும் பிள்ளை தோற்றதாகக் கருதப்படவில்லை. காதால் கேட்டு மனனமிடும் திறன் எழுத்துத் தடுமாற்றத்தை ஓரளவு மறைக்கவும் செய்தது.

19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிஷன் கல்முனையில் பாடசாலை நடத்தியபோது, மதமாற்ற அச்சம் பல முஸ்லிம் பெற்றோரைத் தயங்க வைத்தது. திருப்பம் 1940களில் வந்தது. 1941இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945இல் இலவசக் கல்வியும் 1949இல் கல்முனை ஸாஹிரா கல்லூரியும் வந்தன. 1970 முதல் 1977 வரை பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வயல், கடல், தறி, கடை என்று தொழில் அமைந்திருந்த சமூகத்தில் வாசிக்க முடியாமை வாழ்க்கையைத் தடுக்கும் குறையாக இருக்கவில்லை. ஆசிரியத் தொழிலும் அரசாங்க உத்தியோகமும் குடும்ப மதிப்பின் அளவுகோலானபின் நிலைமை மாறியது. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு ஊரின் பெருமையாயிற்று. 'படிப்பு ஏறாத' பிள்ளைக்கோ 'மொக்கு' என்ற பெயர்தான் மிஞ்சியது.

2. தேசிய அளவில் விசேட கல்வி

இலங்கையில் விசேட கல்வி 1912இல் மேரி சப்மன் தொடங்கிய, செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலையோடு ஆரம்பித்தது. தமிழ்மொழி பேசும் இத்தகைய பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து இப்பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் இணைத்துக் கற்பிக்கும் முயற்சி தொடங்கி, விசேட கல்வி அலகுகளாக விரிந்தது. தொடக்கத்தில் இவற்றுக்கு அடிப்படை புலன்குறைபாடுதான்.

உலகளவிலும் தெளிவு மெல்லவே வந்தது. கெட்டிக்காரனான 14 வயதுச் சிறுவன் ஒருவனால் வாசிக்க மட்டும் இயலவில்லை என்பதை ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 1896இல் பதிவுசெய்தார். 1963இல் அமெரிக்காவில் சாமுவேல் கிர்க் இத்தகைய இடர்ப்பாடுகளைத் தனி வகையாக வரையறுத்தார். ஆகவே கல்முனையில் பாடசாலைகள் பெருகிய பத்தாண்டுகளில் இந்த அறிவு உலகுக்கே புதிது. ஊரின் அசட்டை என்று அந்தத் தாமதத்தைச் சுருக்கிவிட முடியாது.

3. கட்டாயக் கல்வியும் குழம்பிய காரணங்களும்

1997இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை பாடசாலைக் கல்வியைக் கட்டாயமாக்கின. பின்னர் இவ்வெல்லை 16 ஆயிற்று. முன்பு இடைவிலகி வயலுக்கோ கடைக்கோ போயிருக்கும் பிள்ளை இப்போது வகுப்பறையில் தங்கியது. 1999இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் செயற்பாட்டு வழிக் கற்றலை வலியுறுத்தியது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பிடி தளரவில்லை.

இதே காலத்தில் உள்நாட்டு யுத்தமும் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் இக்கரையோரப் பிள்ளைகளின் படிப்பைக் குலைத்தன. வாசிப்புப் பின்னடைவுக்குக் கைக்கெட்டும் விளக்கம் எப்போதும் இருந்தது: பாடசாலை தவறியது, வீடிழந்தது, அதிர்ச்சி. பலருக்கு அது உண்மை. ஆயினும் கற்பித்தால் ஈடுசெய்துவிடும் பிள்ளையையும், கற்பித்தும் தடுமாறும் பிள்ளையையும் அந்த விளக்கம் ஒன்றாக்கிவிட்டது.

4. எழுத்தில் தெரியும் வேறுபாடு

இனங்காணல் ஏன் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பதைச் சொல்வதெழுதல் காட்டும். 'வாழை' என்று சொல்ல, பிள்ளை 'வாளை' என்று எழுதுகிறது. ழகரமும் ளகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட பகுதியில் இது வட்டார உச்சரிப்பின் விளைவு. இடர்ப்பாட்டின் அறிகுறியாக இதைக் கொள்ள முடியாது. 'கொக்கு' என்பதில் தடுமாறுவது வேறு. ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்க, ஒலிப்பில் உயிரோசை மெய்க்குப் பின்னரே வருகிறது. மூன்றாம் தரத்திலும், மீண்டும் மீண்டும் கற்பித்த பின்பும், இந்தக் குறிகளை ஒலியோடு இணைக்க முடியாத பிள்ளையைத்தான் ஆசிரியர் கூர்ந்து நோக்க வேண்டும். வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்தையும் அதே பிள்ளை ஓதப்பள்ளியில் பயில்கிறது. தடுமாற்றம் இரண்டிலும் தெரிகிறதா, ஒன்றில் மட்டுமா என்று லெப்பையைக் கேட்டறிவது செலவில்லாத, பயனுள்ள வழி.

5. சட்டத்தின் எல்லை

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி என்பதை, உடல் அல்லது உளக் குறைவால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற இயலாதவர் என்ற பொருளில் வரையறுக்கிறது. தன் வேலைகளைத் தானே பார்க்கும், கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கும், ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளை இந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதே ஆண்டில் இந்தியா இயற்றிய சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

முடிவுரை

இக்கரையோரத்தில் பாடசாலை பெருகியதன் விளைவாகவே கற்றல் இடர்ப்பாடு கண்ணில் பட்டது. அதற்கான ஆதரவும் பாடசாலைக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் தரங்களில் தமிழ் எழுத்தமைப்பை அடியொற்றிய எளிய வாசிப்புச் சோதனை முதற்படி. வட்டார வழக்குப் பிழையையும் இடர்ப்பாட்டையும் பிரித்தறியும் பயிற்சி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு வேண்டும். சிறுசிறு படிகளாகவும் பல முறையும் கற்பித்தல், வாய்மொழியாக விடையளிக்க இடம், பரீட்சையில் மேலதிக நேரம் ஆகியவை தொடர வேண்டும். அடுத்த பாடத்துக்குப் போகுமுன் பிள்ளை இந்தப் பாடத்தைக் கைக்கொண்டதா என்று தனித்தனியே பார்க்கும் வழக்கம் ஓதப்பள்ளியால் இவ்வூர்களுக்கு முன்பே பழகியதுதான். அதைப் பிரம்பின்றி வகுப்பறைக்குள் கொண்டுவருவதற்குத் தடையாக நிற்பது வசதிக் குறைவைவிடப் பரீட்சைப் பெறுபேற்றின் மீதுள்ள அவசரமே.