சேமக்கலத்தின் வரலாறும் ஆயுளும்

இங்கிலாந்து நாட்டில் 1885ஆம் ஆண்டு விந்தையான வண்டி ஒன்று சாலைகளில் உலவத் தொடங்கியது. கப்பற்படையில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில், சக்கரங்களின்மேல் ஒரு வீட்டையே தமக்கெனக் கட்டுவித்துக்கொண்டார். 'வாண்டரர்' என்று அதற்குப் பெயரிட்டார். 'ஊர்சுற்றி' என்பது அதன் பொருள். இரண்டு குதிரைகள் அதனை இழுத்துச் சென்றன. பிழைப்புக்காக அன்றி, உலாவி மகிழ்வதற்காகவே அமைந்த 'காரவன்' என்னும் இல்ல வண்டிகளுக்கு அதுவே முன்னோடி என்பர்.

வாண்டரர் வண்டியில் மின்விளக்கு இல்லை. இன்றைய காரவன்களிலோ விளக்கும், நீர் இறைக்கும் சிறு பம்பும் மின்சாரத்தால் இயங்குகின்றன. மின்கம்பி எட்டாத ஆற்றங்கரையிலும் மலைச்சாரலிலும் வண்டியை நிறுத்தும்போது, அம்மின்சாரத்தை அளிப்பது ஒரு சேமக்கலம், அதாவது பாட்டரி. சிலருக்கு அது பல்லாண்டு உழைக்கிறது; சிலருக்கோ ஓராண்டிலேயே பயனற்றுப் போகிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? விடை வரலாற்றில் இருக்கிறது.

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தை மனிதன் பெற்றது அன்றுதான். ஆயினும் அதிலுள்ள உலோகம் தீர்ந்ததும் மின்சாரமும் தீர்ந்துவிடும். செலவானதை மீட்டும் நிரப்பும் வழியை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பௌதிக அறிஞர் காஸ்டன் பிளாந்தே கண்டார். இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தினார். அவற்றினூடே மின்சாரத்தைச் செலுத்தினார். பின்னர் அத்தகடுகளே மின்சாரத்தைத் திருப்பித் தந்தன. அடுத்த ஆண்டில், ஒன்பது கலங்களை இணைத்த பாட்டரியைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார்முன் வைத்தார்.

பிளாந்தேயின் கலத்தில் ஓர் இடர் இருந்தது. தகடுகள் பக்குவப்படுவதற்கு, மின்சாரத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பல மாதங்கள் உழைக்கவேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டில் கமில் ஃபோர் என்பவர், காரீய ஆக்ஸைடைக் குழைத்துத் தகட்டின்மேல் அப்பும் முறையைக் கொணர்ந்தார். காலம் வெகுவாகச் சுருங்கிற்று. அவ்வாண்டே ஃபோரின் கலங்கள் ஒரு பெட்டியில் மின்சாரத்துடன் பாரிசிலிருந்து கிளாஸ்கோ நகரம் சென்றன. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் அவற்றை ஆராய்ந்து வியந்தார். மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பலாம் என்னும் செய்தி மக்களைத் திகைக்க வைத்தது. அப்பிய பொருள் உதிராதிருக்க, சல்லடைபோன்ற காரீயச் சட்டங்கள் தோன்றின. மெல்லிய அச்சட்டங்களுக்கு உறுதி சேர்க்க, காரீயத்துடன் ஆண்டிமனி என்னும் உலோகத்தைக் கலந்தனர்.

இனி, நம் வினாவுக்கு விடை தரும் ஆண்டுக்கு வருவோம். 1882ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் இருவர், கலத்தினுள் நிகழ்வதை விளக்கினர். மின்சாரம் வெளிப்படும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது; திராவகம் நீர்த்துப்போகிறது. மின்சாரத்தை ஏற்றும்போது சல்பேட்டு கரைந்து, தகடுகளும் திராவகமும் பழைய நிலையை அடைகின்றன.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். சல்பேட்டு வெளியிலிருந்து வந்த பகை அன்று. மின்சாரம் பிறக்கும்போதெல்லாம் உடன் பிறப்பது. புதிதாய்ப் படிந்தபோது அது நுண்துகளாக இருக்கும், எளிதில் மாறும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால், துகள்கள் பெரும்படிகங்களாகி இறுகும். இறுகியபின் அவை எளிதில் கரையா. சேமக்கலங்கள் பல அகால முடிவெய்துவது இதனால்தான். ஆகவே முதல் நெறி இது: செலவழித்த மின்சாரத்தைக் காலந்தாழ்த்தாது மீண்டும் ஏற்றுக.

இரண்டாவது நெறி, முற்றிலும் வற்றவிடாதிருத்தல். 1912ஆம் ஆண்டில் கெட்டரிங் என்பார் வகுத்த மின்தொடக்கி, காடிலாக் மோட்டார் வண்டிகளில் இடம்பெற்றது. எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகளுக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அதற்கென மெல்லிய தகடுகள் பலவற்றைக் கொண்ட பாட்டரிகள் எழுந்தன. காரவனுக்கு வேண்டியதோ, சிறிது சிறிதாக நெடுநேரம் மின்சாரம் தரும் தடித்த தகடுகள். ஒன்று ஓட்டப் பந்தய வீரன். மற்றொன்று சுமை தூக்கி நெடுவழி நடப்பவன். தடித்த தகட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கொள்ளளவில் பாதிக்குமேல் அடிக்கடி செலவழித்தால் ஆயுள் குறையும். 12 வோல்ட்டுப் பாட்டரி நிறைந்து ஓய்ந்திருக்கையில் சுமார் 12.7 வோல்ட்டு காட்டும், 12.2 அளவில் பாதி தீர்ந்தது என்று கொள்ளலாம். திறந்த வகைக் கலமாயின் ஹைட்ரோமீட்டர் கொண்டு திராவகத்தின் ஒப்படர்த்தியை அளக்கலாம். நிறைந்த கலத்தில் அது 1.27 அளவில் நிற்கும்.

மூன்றாவது நெறி நீரைப் பற்றியது. ஏற்றம் முடியும் தறுவாயில் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. உறுதிக்காகச் சேர்த்த ஆண்டிமனி, இவ்விழப்பை மிகுவிக்கிறது. தகடுகள் வெளியே தெரியாதபடி, வாலையில் வடித்த நீரையே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் கலத்துக்குக் கேடு. குறைந்தது நீரே ஆதலால் திராவகம் சேர்த்தலும் தவறு. வெளிவரும் வாயுக்கள் வெடிக்கும் இயல்பின, பாட்டரி இருக்குமிடத்தில் காற்றோட்டம் வேண்டும், தீச்சுடர் அணுகலாகாது. பௌதிக ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களுக்கு இதனை ஆண்டுதோறும் வற்புறுத்தி வந்தேன், உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நான்காவது, ஓய்வுக்காலப் பராமரிப்பு. ஐரோப்பியர் குளிர்காலத்தில் காரவனைப் பல மாதங்கள் நிறுத்திவைப்பர். பயன்படுத்தாவிடினும் கலம் தானே மெல்லத் தன் மின்சாரத்தை இழக்கும். அன்றியும், வற்றிய கலத்தின் நீர்த்த திராவகம் கடுங்குளிரில் உறைந்து பெட்டியைப் பிளக்கும். நிறைந்த கலம் எளிதில் உறையாது. எனவே முழுதும் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, மாதந்தோறும் சோதித்துவருதல் நன்று. முனைகளில் பூக்கும் வெண்பொடியைத் துடைத்து வாசலின் தடவுதலும் வேண்டும்.

கலத்தின் வடிவம் பின்னர்ப் பலவாறு மாறிற்று. ஆண்டிமனிக்கு மாற்றாகக் கால்சியம் வந்தது. 1950களில் ஜெர்மனியில் திராவகத்தைக் கூழாக்கினர். 1970களில் அமெரிக்காவில் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்தனர். இவ்வகை மூடிய கலங்களில் நீர் ஊற்றும் வேலை இல்லை. ஆயினும் மிகை ஏற்றத்தை இவை தாங்கா. 1991ஆம் ஆண்டில் லித்தியம் அயனிப் பாட்டரி சந்தைக்கு வந்தது. எடை குறைந்த லித்தியம் வகைகள் இன்று காரவன்களிலும் இடம்பெறுகின்றன. அவற்றில் சல்பேட்டு இல்லை. ஆனால் அவற்றுக்குரிய நெறிகள் வேறு உள.

இதெல்லாம் மேலைநாட்டாரின் இன்ப வண்டிக்குத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மின்தடை நேரத்தில் நம் இல்லங்களில் விளக்கேற்றும் இன்வெர்ட்டரோடு இணைந்திருப்பதும் பெரும்பாலும் பிளாந்தே கண்ட அதே காரீயக் கலந்தான். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1953ஆம் ஆண்டில் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பாட்டரிகளையும் ஆராய்ந்து வருகிறது. உங்களுள் சிலர் நாளை அங்கே பணியாற்றக்கூடும்.

இறுதியாக ஒன்று. காரீயம் நஞ்சு. பழைய பாட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்கும் இடங்களில், அதன் புகையும் தூசியும் அருகில் வாழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. ஐந்தாண்டு உழைக்கவேண்டிய கலம் கவனக்குறைவால் ஈராண்டில் மடியுமானால், உருக்காலைக்குச் செல்லும் காரீயம் அந்த அளவுக்குப் பெருகும். வீட்டிலுள்ள பாட்டரியின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை பெரியவர் துணையோடு பாருங்கள். அது பயனற்றுப்போனபின், உரிமம் பெற்றவரிடமே சேர்ப்பியுங்கள்.